பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக் கொடுக்க எதில் தொடங்கலாம்?

படம் வரைய வராது, கையில் பெரிய பணமும் இல்லை, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை கலந்து 15 பிள்ளைகள் வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் வரைய வராது. யானை போட்டால் பன்றி மாதிரி இருக்கும். தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அது ஒரு குறையே இல்லை. சொல்லப்போனால் வசதி.

2021 அக்டோபரில் அந்தத் திட்டம் தொடங்கியது, கொரோனாவில் விட்டுப்போன படிப்பைப் பிடிப்பதற்காக. மாலை 5 மணிக்கு மேல் ஒன்று, ஒன்றரை மணி நேரம். நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வருகிற பிள்ளையிடம் மறுபடி "நோட்டை எடு" என்றால் முகம் தொங்கிப்போகும். அதனால் கடைசி அரை மணியைக் கைவேலைக்கு வைத்தேன். கொஞ்ச நாளில் கைவேலை முதலில், பாடம் அப்புறம் என்று ஆகிவிட்டது.

ஆனால் அதற்கும் முன்னால் வயிறு. ஒரு கைப்பிடி சுண்டலோ பொரியோ கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். பசியோடு இருக்கிற பிள்ளை கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தால் தாளை விட்டுவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் ரிப்பனை வெட்டும். எனக்கு நடந்தது.

முதல் மாதம் கத்தரிக்கோலே வேண்டாம். கிழித்து ஒட்டுவது போதும். தினசரி காலண்டர் தாள், பழைய கல்யாணப் பத்திரிகை இரண்டும் எல்லா வீட்டிலும் உண்டு. காசு கொடுத்து சார்ட் அட்டை வாங்காதீர்கள். பசைக்கு ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர். பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு அப்புறம் சிறு தீயில் கிண்ட வேண்டும். பூச்சி வராமலிருக்க பைண்டிங் செய்பவர்கள் இதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் இருக்கிற இடத்தில் கூடவே கூடாது. இரண்டு நாளுக்கு ஒரு முறை புதிதாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

என் வகுப்பில் எப்போதும் கூச்சல் கிளப்பியது மஞ்சள் தாள்தான். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காயவைத்துவிடுங்கள். மறுநாள் துணி சோப்பு கரைத்த தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்து, காது பட்ஸால் தொட்டு வரையச் சொல்லுங்கள். கோடு போகப் போகச் சிவப்பாக எழும். சட்டையில் பட்ட குழம்புக் கறை சோப்பு போட்டதும் சிவக்குமே, அதே சங்கதிதான். அந்தச் சிவப்பின் மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அமிலம், காரம் என்று ஒரு வரி சொல்லலாம். சின்னதுகளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், அவர்கள் அழித்து அழித்து வரைந்துகொண்டே இருப்பார்கள். சுண்ணாம்பு இன்னும் பளிச்சென்று சிவக்கும், ஆனால் கண்ணில் பட்டால் ஆபத்து. சோப்பே போதும்.

பெரிய பிள்ளைகளுக்குத் தீக்குச்சி, சைக்கிள் வால்டியூப் (டியூப் வால்வில் மாட்டுகிற மெல்லிய ரப்பர் குழாய்). குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்து காட்டும் அரவிந்த் குப்தா (ஐஐடி கான்பூரில் படித்தவர், 2018-ல் பத்மஸ்ரீ) பரப்பிய யுக்தி இது. வால்டியூப்பைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, மருந்தைச் சுரண்டிய தீக்குச்சியை இரண்டு முனையிலும் செருகினால் மூட்டு தயார். முக்கோணம் செய்து அழுத்தச் சொல்லுங்கள், வடிவம் மாறாது. சதுரம் சாய்ந்துவிடும். ஏன் என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள்.

வரையத் தெரியாதது வசதி என்றேன் இல்லையா? கையில் வித்தை இருந்தால் நாம் சும்மா இருக்க மாட்டோம், திருத்தப் போவோம். கொஞ்சம்கூட வராத நானே அந்தத் தப்பைச் செய்தேன். ஒரு பொங்கலுக்குப் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தோம். பிள்ளைகள் ஏரிக் களிமண்ணில் பறவை செய்து வைத்திருந்தார்கள். முதல் நாள் இரவு, மண் காய்வதற்குள், விரலைத் தண்ணீரில் தொட்டு ஒவ்வொன்றின் மூக்கையும் இழுத்து நேராக்கினேன். பார்க்க நன்றாக இருக்கட்டுமே என்றுதான். காலையில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் பெயர்ச் சீட்டு இருந்த இடத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். "அக்கா, இது என் காக்கா இல்ல. என் காக்காவுக்கு வாய் கோணலா இருக்கும்." அவள் அம்மா, "நல்லாத்தானடி இருக்கு" என்றார். அவள் எடுத்துப் போகவே இல்லை. அந்தக் காக்கா இன்னும் என் வீட்டு அலமாரியில் நேரான மூக்கோடு உட்கார்ந்திருக்கிறது.

அதிலிருந்து மாதிரி செய்து காட்டுவதையும் விட்டுவிட்டேன். பொருளைக் கொடுத்து, ஒரு தடவை பிடிக்கிற முறையைக் காட்டிவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன். கையைக் கட்டிக்கொண்டு. கஷ்டம்தான்.

களிமண் என்றதும் ஞாபகம் வருகிறது. கல், வேர் பொறுக்கி இரவே ஊறவைத்துப் பிசையுங்கள், கொஞ்சம் நைஸ் மணல் சேர்த்தால் வெடிப்பு குறையும். வெயிலில் வைக்காமல் நிழலில் காயவிடுங்கள். அப்புறம், களிமண்ணை வெள்ளிக்கிழமையில் வைத்துக்கொள்ளுங்கள். யூனிஃபார்ம் துவைக்க அம்மாக்களுக்குச் சனி, ஞாயிறு இருக்கும். நான் முதல் தடவை வைத்தது திங்கட்கிழமை.