வளர்ப்புப் பிள்ளை எடுத்திருக்கும் குடும்பத்துக்கு ஊர்க்காரர்கள் என்ன செய்யலாம்? தீபாவளிக்குக் கோவிலில் பாராட்டு விழா வைக்கலாமா?

விழா வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் உங்களைப் போல மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரிதான், எங்கள் வீட்டிலும் கெபாஜிக்கான் (சமூக நல) ஆபீஸ் மூலமாக வந்த பிள்ளை வளர்கிறது. உங்கள் கோவில் கமிட்டி இப்படி ஒரு குடும்பத்தைப் பற்றி யோசிக்கிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் பொன்னாடை போர்த்தி, பேனர் கட்டி, பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தால், தான் இந்த வீட்டில் பிறக்கவில்லை என்பதை ஊரே கூடிச் சொன்ன நாளாகத்தான் அது அந்தப் பிள்ளைக்கு மனதில் நிற்கும்.

சட்டமும் இருக்கிறது. 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி, இப்படிப் பாதுகாப்பில் இருக்கும் பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் ஊடகத்தில் வெளியிடக்கூடாது. மீறினால் 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, இல்லை இரண்டும். ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குரூப்பிலும் போடாமல் இருப்பதே நல்லது. நானும் எங்கள் பிள்ளை பையனா பெண்ணா, என்ன வயது என்று இங்கே எழுதப்போவதில்லை.

நம் தோட்டத்து மக்களுக்கு இது புதுசு இல்லை. ஜப்பான்காரன் காலத்திலும் அதற்குப் பிறகும் கஷ்டத்தால் சீனக் குடும்பங்கள் கொடுத்துவிட்ட பெண் குழந்தைகளை எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் வாங்கி வளர்த்தன, அந்தப் பிள்ளைகள் தமிழ் பேசி, சேலை கட்டி, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து, இன்றைக்குப் பேரன் பேத்தி பார்த்துவிட்டார்கள். அம்மாமார் ரப்பர் மரம் வெட்டப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகை இருந்தது, லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரு வீட்டில் பிள்ளை அழுதால் நாலாவது வீட்டிலிருந்து ஆள் வரும். இப்போது தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்துவிட்டோம், கேட்டைப் பூட்டிக்கொள்கிறோம், அதனால் அப்போது தானாக நடந்ததை இப்போது யாராவது நினைத்து வந்து செய்ய வேண்டியிருக்கிறது. உங்கள் கமிட்டி அதைச் செய்தால் போதும்.

எங்களுக்கு எது உதவியது என்று சொல்கிறேன். பிள்ளை வந்த வாரம் பக்கத்து வீட்டு அக்கா கோழிக்கறி கொண்டுவந்து கொடுத்தார், யார் பெற்றது, ஏன் விட்டார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்ததற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். ஏனென்றால் கேட்பவர்கள் பிள்ளை நிற்கும்போதே கேட்பார்கள், சில பேர் அதோடு நிற்காமல் "அப்பன் சம்சு குடிச்சே குடும்பத்தை அழிச்சிட்டான்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த அப்பாவை அந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும். தயவுசெய்து யாரும் அப்படிப் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நூறு பொன்னாடையைவிட இது பெரிய உதவி.

அப்புறம் கோர்ட் நாள். சிறார் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் இருப்பார்கள், வெளியாட்கள் உள்ளே போக முடியாது. ஆனால் ஒரு மாமா எங்களைக் காரில் கூட்டிப்போய் வெளியிலேயே காத்திருந்து திரும்ப அழைத்து வந்தார். என் வீட்டுக்காரருக்கு செம்பனைத் தோட்டத்தில் நாள் சம்பளம், வேலைக்குப் போகாத நாளுக்குக் காசு இல்லை, அதில் டாக்ஸிக்கும் கொடுக்க வேண்டியிருந்தால் ரொம்பக் கஷ்டம். அன்றைக்கு நான் பெற்ற பிள்ளைகளுக்குச் சோறு போட்டு வீட்டுப்பாடம் பார்த்தது அதே அக்காதான். இந்தப் பிள்ளைகளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், தங்கள் அறையையும் அம்மாவையும் பங்கு போட்டுக்கொண்டவர்கள் இவர்கள்தான்.

தீபாவளிக்கு என்ன செய்யலாம் என்றால், அங்பாவில் (பண்டிகைக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் கவரில்) எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தொகை வையுங்கள். கோவிலில் பிள்ளைகள் ஆடுகிறார்கள், தேவாரம் பாடுகிறார்கள் என்றால் அந்தப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பேர் கூப்பிடும்போது மற்றப் பிள்ளைகளுக்கு எப்படிக் கூப்பிடுகிறீர்களோ அப்படியே. பணம் சேர்த்திருந்தால் கவரை மேடையில் கொடுக்காமல், பள்ளி பஸ் காசா, காலணியா, டியூஷனா என்று அந்த அம்மாவிடம் தனியாகக் கேட்டுக் கட்டிவிடுங்கள். அரசாங்கம் மாசாமாசம் உதவித்தொகை கொடுக்கிறதே என்று யாராவது சொன்னால், பிள்ளை வளர்த்தவர்கள் யாரும் அப்படிக் கணக்குப் பார்க்க மாட்டார்கள் என்று கமிட்டியே பதில் சொல்லட்டும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். நீதிமன்றம் வளர்ப்புப் பெற்றோரிடம் பிள்ளையை ஒப்படைப்பது 2 ஆண்டுக்கு, அல்லது 18 வயது ஆகும் வரைக்கும், எது முதலில் வருகிறதோ அதுவரை. பெற்றவர்கள் நிலைமை சரியானால் பிள்ளை அவர்களிடம் போகலாம், போகவும் வேண்டும். எங்களிடம் முன்பு இருந்த பிள்ளை அப்படித்தான் அதன் அம்மாவிடம் போனது. அந்த அம்மா வேலை தேடி, வாடகைக்கு வீடு பிடித்து, அவ்வளவு பாடுபட்டார், எனக்கு அவர்மேல் மரியாதைதான். ஆனாலும் பிள்ளை போன பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. துக்க வீடு என்றால் ஊர் வரும், இதற்கு யாரும் வரவில்லை, "திரும்பப் போற பிள்ளைதானே" என்றார்கள். அந்த அக்கா மட்டும் வந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து, பிள்ளை செய்த சேட்டையெல்லாம் பேச வைத்தார். உங்கள் ஊர்க் குடும்பத்துக்கும் அந்த நாள் வரலாம், அன்றைக்கு அவர்கள் வீட்டுக்குப் போங்கள்.

கமிட்டியில் யாருக்காவது தாங்களும் ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்கலாம் என்று தோன்றினால் மாவட்ட சமூக நல இலாகாவில் விசாரிக்கலாம், 15999 என்ற தாலியான் காசே (Talian Kasih) உதவித் தொலைபேசி எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள். அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், நிறையக் கேள்வி கேட்பார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம். எங்களிடம் என்னென்ன கேட்டார்கள் என்று தெரிய வேண்டுமானால் கருத்துப் பகுதியில் கேளுங்கள், எழுதுகிறேன்.