கன்று எங்கே வாங்கலாம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லொறியில் கொண்டுவந்தவர் ‘ஒட்டு’ என்று சொன்னதை நம்பி இரண்டு ஆனைக்கொய்யாக் கன்றுகள் வாங்கினோம். ஆறு வருடமாகியும் பூக்கவில்லை. நல்ல கன்று எங்கே கிடைக்கும்?
- வாசகி, ஹட்டன்

பதில்: ஒட்டுக்கன்று என்றால் மூன்று, நான்கு வருடத்தில் பூ காட்டியிருக்க வேண்டும். உங்களுக்குக் கிடைத்தது விதைக்கன்றாக இருக்கலாம். இல்லையென்றால், மேலே ஒட்டிய கிளை பட்டுப்போய் அடிக்கட்டை தழைத்திருக்கும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டைத் தடவிப் பாருங்கள். ஒட்டு இருந்தால் அந்த இடம் சற்றுப் புடைத்து, மேலும் கீழும் பட்டை நிறம் வேறுபட்டு இருக்கும். ஒட்டே இல்லாவிட்டாலும் மரத்தை வெட்டிப்போட வேண்டாம். பழகிய கை இருந்தால் அதன் மேலேயே நல்ல இனத்தை ஒட்டலாம்.

புதிதாக வாங்குவதானால் முதலில் உங்கள் கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தில் பதிவுள்ள நாற்றுமேடைகள் எவை, இப்போது எங்கே கன்று இருக்கிறது என்பதை அவரிடம் விசாரிக்கலாம். அந்தத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனை இலக்கத்துக்கும் அழைக்கலாம். பேராதனைப் பக்கம் கன்றுகளுக்குக் குறைவில்லை. ஆனால் அது ஏறக்குறைய 1500 அடி உயரம், ஹட்டனோ 4000 அடிக்கு மேல். அங்கிருந்து கொண்டுவந்த கன்றை உடனே நடாமல், இரண்டு மூன்று வாரம் வாசல் நிழலில் வைத்துக் குளிருக்குப் பழக்குங்கள்.

இனத்தின் பெயரைக் கேட்காமல் காசு கொடுக்க வேண்டாம். பொலொக் சூடான இடத்துக்கு உகந்தது, உங்கள் குளிருக்கு ஹாஸ், பியூர்ட் நல்லது. ஹாஸ் பூ முதல் நாள் காலையில் பெண்ணாக விரிந்து மறுநாள் பிற்பகலில் ஆணாக விரியும். பியூர்ட் பிற்பகலில் பெண்ணாகவும் மறுநாள் காலையில் ஆணாகவும் விரியும். இரண்டிலும் ஒவ்வொன்று நட்டால் ஒன்றின் மகரந்தம் மற்றதற்குக் கிடைத்து, காய் நன்றாகப் பிடிக்கும்.

அடுத்தது வேர். ஆட்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பொலித்தீன் பையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். பென்சில் பருமனில் ஒரு வேர் வெளியே வந்து அறுந்திருந்தால், ஆணிவேர் தரைக்குள் இறங்கி, கன்றைப் பிடுங்கும்போது முறிந்துவிட்டது. பைக்குள் வேர் கயிறுபோலச் சுற்றியிருந்தால் அதுவும் வேண்டாம். நட்ட பிறகும் அந்தச் சுருள் விரியாது. மரம் பெருத்ததும் தன் கழுத்தையே நெரிக்கும், காற்றுக்குச் சாயும். இருப்பதிலேயே உயரமான கன்றை எடுக்காதீர்கள். தண்டு தடித்த, இலை முற்றிய கன்றே பிழைக்கும். இளஞ்சிவப்புத் துளிரோடு இருப்பது பஸ் பயணத்திலேயே வாடிவிடும்.

இரண்டடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டி, மேல்மண்ணோடு மக்கிய உரம் கலந்து நிரப்புங்கள். கன்று நிற்கும் இடம் சற்று மேடாக இருக்கட்டும். தண்ணீர் தேங்கினால் வேரழுகல் நோய் ஆனைக்கொய்யாவைச் சாய்த்துவிடும். ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும்.

கேள்வி: சாதிக்காய்க் கன்று எங்கே வாங்கலாம்?
- வாசகர், கம்பளை

பதில்: ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். ஒட்டுக்கன்றாகவே கேளுங்கள். சாதிக்காயில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. விதைக்கன்று ஆணா பெண்ணா என்பது பல வருடம் கழித்துப் பூத்தபிறகுதான் தெரியும்.

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து வரும் தம்பியிடம் ரோஜா, ஐட்ரேஞ்சியா கன்றுகள் கொண்டுவரச் சொல்லலாமா?
- வாசகி, நுவரெலியா

பதில்: சொல்லாதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முன்கூட்டிய அனுமதியும் அந்நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். ஒரு பிடி மண்ணோடு வரும் புழுவும் பூஞ்சையும் நம் தேயிலை மலைக்கும் மரக்கறிப் பாத்திக்கும் பரவினால் திருப்பி அனுப்ப முடியாது.

ஐட்ரேஞ்சியாவுக்குக் காசே தேவையில்லை. பக்கத்து வீட்டில் பூ இல்லாத ஒரு கிளையைக் கேட்டு வாங்கி, மூன்று கணு இருக்கும்படி ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். கீழ் இலைகளை எடுத்துவிட்டு மேல் இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, மணலும் மண்ணும் சரிபாதி கலந்த பையில் நட்டு நிழலில் ஈரமாக வைத்தால் ஐந்தாறு வாரத்தில் வேர் விடும். நம் புளிப்பு மண்ணில் நீலமாகப் பூக்கும். புதிதாகச் சீமெந்து பூசிய சுவரோரம் நட்டால் அந்தச் சுண்ணாம்பால் இளஞ்சிவப்பாகிவிடும்.

ஒன்று மட்டும்: மலையில் சிவப்பாகப் பூக்கும் மகாரத்மல் மரம் அழகாக இருக்கிறது என்று காட்டில் தோண்டி எடுத்து வராதீர்கள், விற்பவரிடம் வாங்கவும் வேண்டாம். ஹோர்ட்டன் சமவெளியில் பரவிக் கிடக்கும் மஞ்சள் பூ முட்செடியையும் வேலிக்கென்று கொண்டுவராதீர்கள். அது வெளியிலிருந்து வந்த ஆக்கிரமிப்புச் செடி. அதன் விதை பல வருடம் மண்ணுக்குள் உயிரோடு கிடந்து மறுபடி முளைக்கும்.