விருந்தாளி இல்லாத மேஜை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் என் தோழிகள் நான்கு பேரும் ‘ஹானிபல்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் தீவிர ரசிகைகள். தொடர் 2015இல் நின்றுபோனது. இத்தனை வருடம் ஆகியும் எங்கள் வாட்ஸ்அப் குழு கலையவில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை நடிகர் யாராவது, கூப்பிட்டால் நான்காவது சீசனுக்கு வரத் தயார் என்று பேட்டியில் சொல்லிவிடுவார். அன்று இரவு குழுவில் ஒருத்தியும் தூங்க மாட்டாள்.

போன வாரமும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஆனால் இந்த முறை ஒருத்தி, “வரவே கூடாது, வந்தால் கெட்டுப்போகும். ‘டெக்ஸ்டர்’ தொடரைப் பார்த்தீர்கள் இல்லையா?” என்று சொல்லிவிட்டாள். பெரிய சண்டை. எனக்கோ, பாறை விளிம்பிலிருந்து விழுந்த அந்த இரண்டு பேருக்கும் அப்புறம் என்ன ஆனது என்று தெரிந்தே ஆகவேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் அக்கா ஒரு எபிசோடைப் பாதி பார்த்துவிட்டு எழுந்துவிட்டார். “பிணத்தைப் பூ அலங்காரம் மாதிரி வைத்திருக்கிறார்கள். அதை இவ்வளவு ரசித்துப் பார்க்கிறாயே, உனக்கு உறுத்தவே இல்லையா?” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

கடைசிக் காட்சி வரை எல்லாவற்றையும் பேசப்போகிறேன். தொடரைப் பார்க்காதவர்கள் இந்த வரியோடு இறங்கிக்கொள்வது நல்லது.

வருமா என்பதற்கு என்னிடம் ஜோசியம் இல்லை. நின்றுபோன கதை மட்டும் தெரியும். என்.பி.சி. என்ற அமெரிக்கச் சானலில் 2013 ஏப்ரலில் தொடங்கி மூன்று சீசன், மொத்தம் 39 எபிசோடுகள். பார்த்தவர்கள் ஆரம்பத்திலிருந்தே குறைவு. மூன்றாவது சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 2015 ஜூனில், சானல் கையைக் கழுவிவிட்டது. வேறு இடம் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஆனால் தொடரை உருவாக்கிய பிரையன் ஃபுல்லரும் ஹானிபலாக நடித்த மேட்ஸ் மிக்கெல்சனும் 2025இல் ஒரு சினிமாவில் மறுபடி சேர்ந்தார்கள். அவர்கள் ஒரே மேடையில் நின்றால் கேள்வி கேட்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? உங்கள் குழுவுக்கு இன்னும் பல தூங்காத இரவுகள் உண்டு.

உங்கள் அக்காவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் மற்றதற்கும் கிடைத்துவிடும் என்று தோன்றுகிறது.

உங்களை நீங்களே ரசிகை என்கிறீர்கள். அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு நாக்கு இருக்கிறது. ரசம் என்றால் சாறு, சுவை. சுவைக்கத் தெரிந்தவர்தான் ரசிகர். அப்படிப் பார்த்தால் இந்தத் தொடரின் முதல் ரசிகர் ஹானிபல் லெக்டர்தான். இசை, ஓவியம், துணி, மது, மனிதர்கள் என்று எல்லாவற்றையும் அவர் ரசிப்பார். மரியாதை தெரியாதவர்களைச் சமைத்துச் சாப்பிடுவார். ரசனை என்கிற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்ட மனிதர் எப்படி இருப்பார் என்பதுதான் அந்தப் பாத்திரம். அவரைப் பார்க்க உட்கார்ந்திருக்கும் நாமும் ரசிகர்கள். தொடர் இந்த ஒற்றுமையைத் தெரிந்தே வைத்து விளையாடுகிறது.

முதல் எபிசோடை நினைத்துப் பாருங்கள். கொலையாளிகளைப் பிடிக்க எஃப்.பி.ஐ.க்கு உதவும் வில் கிரஹாமின் அறைக்கு ஹானிபல் காலைச் சாப்பாடு கொண்டுவருகிறார். முட்டையும் சாசேஜும். வில் ஒரு வாய் எடுத்துவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறார். அது என்ன மாமிசம் என்று தொடர் வாய் திறந்து சொல்வதே இல்லை. ஆனால் நமக்குத் தெரியும். ஹானிபல் முதலில் தோன்றிய தாமஸ் ஹாரிஸின் நாவல் ‘ரெட் டிராகன்’ 1981லேயே வந்துவிட்டது, ஆன்டனி ஹாப்கின்ஸ் ஹானிபலாக நடித்த ‘சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்’ படம் 1991இல் வந்துவிட்டது. ஹானிபல் யார் என்று தெரியாமல் யாரும் இந்தத் தொடருக்குள் வருவதில்லை. தெரியாதவர் வில் மட்டும்தான். அவர் மெல்லுகிறார், நாம் பார்க்கிறோம். பார்த்துவிட்டு, அந்தத் தட்டு எவ்வளவு அழகாக இருக்கிறது என்றும் நினைக்கிறோம். அந்த இரண்டாவது நினைப்பில்தான் நம்மைப் பிடித்துவிடுகிறார்கள்.

தட்டு அழகாக இருந்ததற்கு ஒரு பெண்மணி காரணம். ஜானிஸ் பூன் என்று பெயர். தொடரின் உணவு அலங்காரம் முழுக்க அவர் கைவேலை. ஸ்பெயினில் பிறந்த புகழ்பெற்ற சமையல் கலைஞர் ஹோசே ஆன்ட்ரேஸ் ஆலோசகராக இருந்தார். முதல் சீசனில் எபிசோடுகளுக்கு பிரெஞ்சு விருந்தின் வரிசைப்படி பெயர், இரண்டாவதில் ஜப்பானிய விருந்து, மூன்றாவதின் முதல் பாதியில் இத்தாலிய விருந்து. ‘அபெரிடிஃப்’ என்று பசியைத் தூண்டும் பானத்தில் ஆரம்பித்தார்கள். இவ்வளவு மெனக்கெட்டது அலங்காரத்துக்காக மட்டும் இல்லை. அருவருப்பு வரவேண்டிய இடத்தில் நமக்கு நாக்கு ஊறவேண்டும், ஊறியதை நாமே கவனிக்கவேண்டும். உங்கள் அக்கா கேட்ட கேள்வியைத் தொடர் ஒவ்வொரு எபிசோடிலும் கேட்கிறது. அவருக்கு அது சத்தமாகக் கேட்டிருக்கிறது, எழுந்துவிட்டார். நீங்களும் நானும் எழவில்லை. உறுத்தவில்லை என்று நாம் சொன்னால் அது பொய்யாக இருக்கும். உறுத்தலோடுதான் உட்கார்ந்திருந்தோம். அவரிடம் அதையே சொல்லுங்கள்.

இந்த அழகுக்குத் தணிக்கையும் ஒரு காரணம் என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை. கட்டணச் சானலாக இருந்தால் எதையும் காட்டலாம். இது எல்லா வீட்டுக்கும் போகும் பொதுச் சானல், கட்டுப்பாடுகள் அதிகம். ஐந்தாவது எபிசோடில் இரண்டு உடல்கள், முதுகுத் தோல் உரித்து இறக்கைகளாகத் தூக்கிக் கட்டப்பட்டு, தேவதைகள் போல மண்டியிட்டிருக்கும். அதைப் பார்த்த சானல்காரர்களுக்கு ஒரே ஆட்சேபம்: பின்பக்கப் பிளவு தெரிகிறது. ரத்தத்தை ஊற்றி மறைத்துவிட்டால் பரவாயில்லையா என்று ஃபுல்லர் கேட்டாராம். சரி என்றார்களாம். இப்படியான வேலிகளுக்கு நடுவில் எடுத்ததால் பல கொலைகளை நடக்கும்போது காட்டாமல், நடந்து முடிந்த பிறகு ஓர் ஓவியமாக நிறுத்தினார்கள்.

எதை எடுக்கக் கூடாது என்பதிலும் ஃபுல்லருக்கு ஒரு தெளிவு இருந்தது. பாலியல் வன்முறையைக் கதைப் பொருளாக்க மாட்டேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். நாவலில் அது இருந்த இடத்திலும் ஒதுக்கிவிட்டார். இன்னொரு விஷயம், இது முழுக் கற்பனை. 2022இல் நெட்ஃபிளிக்ஸில் ஜெஃப்ரி டாமர் என்ற நிஜத் தொடர் கொலைகாரனைப் பற்றிய தொடர் வந்தபோது, அவனால் கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தினர் தங்கள் துக்கத்தை மறுபடி கிளறுகிறார்கள் என்று வருந்தினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஹானிபலின் மேஜையில் யாருடைய பிள்ளையும் இல்லை. எனக்கு அது பெரிய வித்தியாசம்.

சரி, உங்கள் தோழியின் வாதத்துக்கு வருவோம். கொலைகாரர்களைத் தேடிப்பிடித்துக் கொல்லும் டெக்ஸ்டரை அவர் இழுத்தது நியாயம்தான். 2006 முதல் 2013 வரை எட்டு சீசன். கடைசியில் புயலுக்குள் படகை ஓட்டிக்கொண்டு போனவர், எங்கோ மரம் வெட்டிக்கொண்டிருந்தார். அந்த முடிவை ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. அதைச் சரிசெய்ய 2021இல் திரும்ப வந்தார்கள், பெற்ற மகன் கையாலேயே சுட்டுக் கொன்றார்கள். அதுவும் பிடிக்கவில்லை. 2025இல் கோமாவிலிருந்து எழுப்பி நியூயார்க்குக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தக் கடைசித் திரும்புதல் நன்றாகவே இருந்தது, ஒத்துக்கொள்கிறேன், சிரித்துக்கொண்டே பார்த்தேன். ஆனால் பார்க்கும்போது ஒரு கணம்கூடப் பயம் வரவில்லை. சுட்டால் பிழைப்பார் என்று ஆகிவிட்டது அல்லவா? டெக்ஸ்டருக்கு அது பொருந்தும், தன் தொழிலைப் பற்றி நம்மிடமே ஜோக் அடிக்கும் ஆள் அவர். ஹானிபலுக்குப் பொருந்தாது.

உங்கள் தோழி கெட்டுப்போகும் என்கிறார், நீங்கள் வேண்டும் என்கிறீர்கள். ஆனால் வேண்டும் என்பவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். ரசிகர்கள் எழுதும் கதைகளில் கொஞ்சம் வாசித்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே ஆசைதான். வில்லும் ஹானிபலும் பிழைத்து, ஒரு கடற்கரை நகரத்தில், ஒன்றாக, நிம்மதியாக. புரிகிறது. மிக்கெல்சனும், வில் பாத்திரத்தில் வந்த ஹ்யூ டான்சியும் மூன்று சீசன் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையில் அந்த ஆசை வராமல் இருக்குமா? ஆனால் நிம்மதியாக இருக்கும் அந்த இருவரை வைத்து என்ன கதை சொல்வது? சமைப்பார்கள், சாப்பிடுவார்கள், பாத்திரம் கழுவுவார்கள்.

இந்தத் தொடர் ஒரு விருந்து. விருந்துக்கு ஒரு விருந்தாளி வேண்டும். மேஜையில் இருக்கும் ஒருவருக்காவது ஏதாவது ஆபத்து இருக்கவேண்டும். முதல் சீசனில் அது வில், எதுவும் தெரியாமல் சாப்பிட்டவர். இரண்டாவது சீசனில் அவருக்குத் தெரிந்துவிட்டது, தெரியாதது போல நடித்துக்கொண்டே சாப்பிட்டார். அந்த இரண்டாவது சீசனின் கடைசி எபிசோடை, ‘மிசுமோனோ’வை, நான் தொலைக்காட்சியின் மிகச் சிறந்த ஒரு மணி நேரங்களில் ஒன்றாகவே நினைக்கிறேன். ஆளுக்கு ஒரு பொய்யோடு அந்த வீட்டுக்குள் நுழைகிறார்கள். ஒரு பொய்யும் மிஞ்சுவதில்லை.

மூன்றாவது சீசனின் ஃபிளாரன்ஸ் பகுதி பலருக்கு இழுவையாகத் தெரிந்ததும் இதனால்தான். வில்லும் ஹானிபலும் பிரிந்துவிட்டார்கள், மேஜை காலி. ஆனால் அங்கேயும் ஒரு காட்சி இருக்கிறது. கில்லியன் ஆண்டர்சன் நடித்த பெடலியாவுக்கு, ஒரு காலத்தில் தன் மனநல மருத்துவராக இருந்தவருக்கு, ஹானிபல் சிப்பியும் ஓக் மரக் கொட்டையும் மார்சாலா மதுவும் பரிமாறுகிறார். பக்கத்தில் இருந்த விருந்தாளி சாதாரணமாகச் சொல்கிறார், பழைய ரோமானியர்கள் மாமிசம் ருசிக்க விலங்குகளுக்கு இதைத்தான் கொடுப்பார்கள் என்று. பெடலியா முகத்தில் பெரிதாக ஒரு மாற்றமும் இல்லை. தன்னை எதற்கு வளர்க்கிறார்கள் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். எனக்கு அந்தச் சீசனில் மறக்காதது அந்த முகம்.

கடைசியில் பாறை விளிம்பு. வில் ஹானிபலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடலில் சாய்கிறார். அத்தோடு வில் விருந்தாளி இல்லை. பிழைத்தாலும் இனி அவர் பரிமாறுகிற பக்கம்தான். ஆகவே நான்காவது சீசன் வந்தால் இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று ஹாரிஸ் 1988லேயே ‘சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்’ நாவலில் எழுதிவிட்டார்: எஃப்.பி.ஐ.யில் பயிற்சி பெறும் இளம்பெண் கிளாரிஸ் ஸ்டார்லிங். ஃபுல்லரும் அந்தக் கதையைத் தன் பாணியில் எடுக்கும் ஆசையைப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் ஹாரிஸின் பாத்திரங்கள் சொத்துப் பிரித்த வீடு மாதிரி இரண்டு பங்காளிகளிடம் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ‘ரெட் டிராகன்’ உரிமை ஒரு பக்கம், ‘சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்’ உரிமை எம்.ஜி.எம். என்ற சினிமா நிறுவனத்தின் பக்கம். இந்தப் பிரிவினையால் ஃபுல்லர் கிளாரிஸைத் தொட முடியவில்லை. அந்தப் பக்கம் 2021இல் கிளாரிஸை வைத்தே ஒரு தொடர் எடுத்தார்கள், அதில் ஹானிபல் பெயரை உச்சரிக்கக்கூட முடியவில்லை. அவர்களிடம் விருந்தாளி இருந்தார், விருந்து இல்லை. ஒரே சீசனில் முடிந்துவிட்டது.

கிளாரிஸ் வராவிட்டால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேறொருவர் இருக்கிறார். ஒளிபரப்பின் முடிவில் பெயர்ப்பட்டியலுக்குப் பிறகு ஒரு துண்டுக் காட்சி வருமே, உங்கள் தோழிகள் எல்லாரும் பார்த்தார்களா என்று கேளுங்கள். மூன்று பேருக்கு விரித்த மேஜை. ஒரு நாற்காலியில் பெடலியா, அலங்காரத்தோடு, தனியாக. மேஜை நடுவில் சமைத்து வைத்திருப்பது அவருடைய கால். மற்ற இரண்டு நாற்காலிகளும் காலி. ரசிகர்கள் பத்து வருடமாக அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்து, ஆகா, இருவரும் பிழைத்துவிட்டார்கள் என்று சந்தோஷப்படுகிறார்கள்.

நான் பெடலியாவின் கையைப் பார்த்தேன். மேஜையிலிருந்து ஒரு சின்ன முள்கரண்டியை எடுத்து, யாரும் வருவதற்குள் மடிக்குக் கீழே மறைத்துக்கொள்கிறார். நான்காவது சீசன் வந்தால் எனக்குக் கடலில் விழுந்தவர்களைப் பற்றி அவசரம் இல்லை. அந்த முள்கரண்டிக்கு என்ன ஆனது என்று மட்டும் தெரியவேண்டும்.

அன்புடன்.