டிகிரி இல்லை, வேலை தெரியும்: ஆளெடுப்பது எப்படி?

கேள்வி: அட்லாண்டாவில் 20 பேர் பணிபுரியும் கணினி சேவை நிறுவனம் நடத்துகிறோம். ஹெல்ப் டெஸ்க் விளம்பரத்தில் 'டிகிரி கட்டாயம்' என்பதை எடுத்துவிட்டோம். அப்படியும் பட்டமில்லாத, திறமையுள்ள கறுப்பினத்தவர் ஒருவர்கூட நேர்முகம் வரை வரவில்லையே, ஏன்?

பதில்: விண்ணப்ப மென்பொருளைத் திறந்து பாருங்கள். விளம்பரத்தில் அழித்த வரி, 'இளங்கலைப் பட்டம் உண்டா?' என்ற கேள்வியாகப் படிவத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். 'இல்லை' என்றவரை உங்கள் கண்ணில் காட்டாமலேயே கழித்துவிடும். அமெரிக்கக் கறுப்பினத்தவரில் 25 வயதைத் தாண்டிய பத்துப் பேரில் ஏழு பேரிடம் நான்காண்டுப் பட்டம் கிடையாது. அந்த ஒரு கேள்வியில் எத்தனை பேர் போய்விடுகிறார்கள் பாருங்கள்!

அடுத்தது பெயர். சிகாகோ, பாஸ்டன் நகரங்களில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், ஒரே தரமுள்ள விண்ணப்பங்களில் வெள்ளையர் பெயர் இருந்தவற்றுக்கு 50 சதவீதம் அதிக அழைப்பு வந்தது. முதல் சுற்றில் பெயர், கல்லூரி, முகவரி மூன்றையும் மறைத்துவிடுங்கள்.

பிறகு வேலையையே தேர்வாக வையுங்கள், 45 நிமிடம் போதும். இணையம் வராத கணினி ஒன்றைக் கொடுங்கள். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், டிஹெச்சிபி (கணினிகளுக்குத் தானாக ஐபி முகவரி தரும் சேவை) முகவரி தரவில்லை என்று பொருள். அதைக் கண்டதும் பிரவுசரை விட்டுவிட்டு கேபிளையும் நெட்வொர்க் ஸ்விட்சையும் பார்க்கப் போகிறவருக்கு வேலை தெரியும். செய்ததை டிக்கெட்டில் (புகார்ப் பதிவில்) எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஷிப்ட்காரருக்கு அது புரிய வேண்டும். இருவர் தனித்தனியே மதிப்பெண் போட்டபிறகுதான் பேசிக்கொள்ள வேண்டும். முன்பே பேசினால் மூத்தவரின் கருத்தே மதிப்பெண்ணாகிவிடும்.

கேள்வி: 'கறுப்பினத்தவருக்கு மட்டும்' என்று விளம்பரம் செய்யலாமா?

பதில்: கூடாது. 15 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், இனத்தைப் பார்த்து ஆளெடுப்பதை 1964-ன் குடிமை உரிமைகள் சட்டம் தடுக்கிறது. தேவையில்லாத தடையை எல்லோருக்கும் நீக்கலாம், நீக்கத்தான் வேண்டும். வட கரோலினா மின்நிலையம் ஒன்றில், உழைப்பாளர் பிரிவிலேயே முடக்கப்பட்டிருந்த 13 கறுப்பினத் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில், 1971-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: வேலைக்குத் தொடர்பில்லாத பள்ளிச் சான்றிதழ் நிபந்தனை ஓர் இனத்தவரை ஒதுக்கினால், உள்நோக்கம் இல்லாவிட்டாலும் செல்லாது.

தெரிந்தவர் சிபாரிசை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் ஊழியர் வட்டமே திரும்ப வரும். கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டுக் கல்லூரி), அப்ரண்டிஸ் திட்டங்களுக்கும் விளம்பரத்தை அனுப்புங்கள். சம்பளத்தை விளம்பரத்திலேயே போடுங்கள். பதவி உயர்வு விதியையும் இப்போதே திருத்துங்கள். வாசலில் எடுத்த டிகிரி நிபந்தனை பெரும்பாலும் அங்கேதான் மறுபடி முளைக்கும்.