சில பழைய பாடல்களைக் கேட்டால் சாராயம் காய்ச்சிய என் தாத்தா ஞாபகத்துக்கு வருகிறார். உங்களுக்குப் பிடித்த பாடல்களோடும் இப்படிப்பட்ட குடும்ப நினைவுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா? இதை அப்பாவிடம் கேட்கலாமா?

பெயரை மறைத்துக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள். அதிலேயே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. ஊரில் இன்னும் சொந்தபந்தம் இருக்கிறது, வீட்டில் கல்யாண வயதில் யாரோ இருக்கிறார்கள், அப்பா இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். சரிதானே? நானும் பெயர் போடாமல்தான் எழுதுகிறேன். அதனால் நாம் இருவரும் சமம்.

எனக்குப் பிடித்த பாடல்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சீர்காழி கோவிந்தராஜன் பாடிய ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’, மதுரை சோமு பாடிய ‘மருதமலை மாமணியே’, எஸ். ஜானகியின் ‘மச்சானைப் பார்த்தீங்களா’, மறுபடியும் சீர்காழியின் ‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’. நடுவில் இருக்கும் ஒன்றை எடுத்துவிட்டால் நெற்றி நிறைய விபூதி பூசியவனின் பட்டியல் என்று நினைப்பீர்கள். கல்யாணமான புதிதில் என் மனைவியும் அப்படித்தான் நினைத்தாள். உண்மையில் இவை எங்கள் ஆயா சாராய அடுப்பு மூட்டுவதற்கும் அணைப்பதற்கும் வைத்திருந்த மணிக்கூண்டு.

ஊர், கல்வராயன் மலையின் கிழக்கு அடிவாரம். அப்போது அது தென்னார்க்காடு மாவட்டம், பிறகு விழுப்புரம், 2019இலிருந்து கள்ளக்குறிச்சி. ஊர் பெயர் வேண்டாம். கள்ளக்குறிச்சி என்றதுமே உங்களுக்கு 2024 ஜூன் மாதம் ஞாபகத்துக்கு வரும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இப்போதே பின்னூட்டத்துக்கு ஓட வேண்டாம்.

ஆயா என்றால் அப்பாவைப் பெற்றவள். தாத்தா சீக்கிரம் இறந்துவிட்டார், மூன்று ஆண்பிள்ளைகள், மழை பெய்தால் விளையும் மேட்டுக்காடு. எங்கள் பக்கத்தில் வெல்வேல மரத்துக்குக் குறைவில்லை, பட்டையை உரித்துக்கொள்ளலாம். கரும்பு விளைகிற பகுதி என்பதால் கழிவு வெல்லமும் மலிவாகக் கிடைக்கும். எருக்குழிக்குள் புதைத்த பானைகளில் ஊறல். அதற்குமேல் செய்முறை எழுத மாட்டேன், கேட்கவும் வேண்டாம். தொழில் அவள் புகுந்த வீட்டுச் சொத்து. ராஜாஜி 1937 அக்டோபரில் முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது எங்கள் பக்கம் சட்டம் வரவில்லை. மலைக்கு மேற்கே சேலம், கிழக்கே நாங்கள். மலைக்கு அந்தப் பக்கம் தாகம், இந்தப் பக்கம் சரக்கு. ஆயாவின் மாமனார் தலைச்சுமையாகவே மலை தாண்டிப் போய் விற்றாராம். 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு என்றானபோது எங்கள் பக்கமும் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

நான் பையனாக இருந்தது அடுத்த மதுவிலக்கில். 1971இல் கடை திறந்தார்கள், 1974இல் சாராயக் கடைகளை மூடினார்கள், 1981 மே மாதம் மறுபடி திறந்தார்கள். இடைப்பட்ட அந்த ஏழு வருடங்கள்தான் ஆயாவின் பொற்காலம்.

வீட்டில் கடிகாரம் கிடையாது. ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. கீற்றுக் கொட்டகை, மணல் தரை. புளியமரத்தின் உச்சியில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டியிருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் ‘விநாயகனே’ ஒலிக்கும். டிக்கெட் கொடுக்கப் போகிறோம் என்று ஊருக்கு அதற்குப் பொருள். எங்கள் வீட்டில் அடுப்பைப் பற்ற வை என்று பொருள். அந்த நேரத்தில் எல்லா வீட்டுக் கூரைமேலும் சோற்றுப் புகை இருக்கும், நம் புகை தனியாகத் தெரியாது. அதன்பிறகு நாலைந்து சினிமாப் பாட்டு. ‘மருதமலை மாமணியே’ வந்தால் படம் போடப்போகிறார்கள், ஊரின் ஆண்பிள்ளைகள் பாதிப்பேர் கொட்டகைக்குள் போய்விட்டார்கள், வேடிக்கை பார்க்க ஆள் இல்லை. மேல்பானையின் தண்ணீரை மாற்றிவிட்டு, சொட்டி இறங்கியதில் கொஞ்சத்தை எடுத்து ஆயா அடுப்பில் தெளிப்பாள். குப்பென்று நீலமாகப் பற்றினால் சரக்கு சரி. மதுரை சோமு மேலே ஏறி ஏறிப் பாடிக்கொண்டிருப்பார், இங்கே நெருப்பு ஏறும். இன்றைக்கும் கோயிலில் அந்தப் பாட்டு வந்தால் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு வெல்வேலம்பட்டை வாசனை மூக்கில் ஏறுகிறது. முருகன் மன்னிப்பான். போலீஸ் மன்னித்திருக்காது.

இதில் என் சித்தப்பாவுக்கு முக்கியப் பங்கு. ஆயாவின் கடைக்குட்டி அவர். கொட்டகையில் இசைத்தட்டு மாற்றும் வேலை. சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் ஊரின் ஒரே தார்ச்சாலை அந்தக் கொட்டகை வாசலைத் தொட்டுக்கொண்டுதான் போகும். மதுவிலக்குப் போலீஸ் ஜீப் வேறு வழியில் வர முடியாது. ஜீப்பைக் கண்டால் ஓடுகிற தட்டை நிறுத்திவிட்டு, பேசி வைத்த ஒரு பாட்டைப் போட வேண்டும். இதுதான் ஏற்பாடு. எங்கள் வீட்டுக்கு மட்டுமில்லை, அந்த ஓடையோரத்தில் அடுப்பு வைத்திருந்த அத்தனை பேருக்கும்.

1976இல் ‘அன்னக்கிளி’ தட்டு புதிதாக வந்தது. இளையராஜா என்ற பெயரை அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறோம். சித்தப்பாவுக்கு அதில் ‘மச்சானைப் பார்த்தீங்களா’ மேல் ஒரு கண். போலீஸ் நம்மைத்தானே தேடி வருகிறான், பொருத்தமாக இருக்கட்டும் என்று அதையே எச்சரிக்கைப் பாட்டாக வைத்துவிட்டார். ஆயாவிடம் பாடியும் காட்டினார். “மச்சானைத் தேடினால் ஊறலைக் கொட்டிவிட வேண்டும்” என்று பெண்களெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் போனது. பிறகு ஒரு சந்தை நாள் சாயங்காலம். ‘விநாயகனே’ முடிந்தது, அடுத்த பாட்டு ஜானகி குரலில் ‘மச்சானை’. ஆயா ஒரு நொடி நின்றாள். பிறகு ஒரே உதை. பானை உருண்டது. இந்தப் பக்கத்து அடுப்பில் தண்ணீர் கொட்டும் சத்தம், அந்தப் பக்கம் சட்டி உடையும் சத்தம். எருக்குழியைத் தோண்டி ஊறலை ஓடையில் சாய்த்தார்கள். அண்டாவைக் கிணற்றில் இறக்கினார்கள். எனக்கும் என் தங்கைக்கும் பாடப் புத்தகத்தைக் கையில் திணித்து விளக்கடியில் உட்கார வைத்தார்கள். ஜீப் வரவில்லை. பாட்டு முடிந்தது. மறுபடி அதே பாட்டு. ஆயாவுக்கு முகம் வெளுத்துவிட்டது, இரண்டு ஜீப் போலிருக்கிறது என்றாள். மூன்றாவது தடவையும் அதே பாட்டு வந்தபோது மாவட்டத்துப் போலீஸ் முழுவதும் வருகிறது என்றே எல்லோரும் நம்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோளக்கொல்லைக்குள் ஓடியவர் விடிந்துதான் வந்தார்.

நடந்தது இவ்வளவுதான். சந்தைக்கு வந்த கூட்டம் அந்தப் பாட்டைப் போட்டால்தான் டிக்கெட் வாங்குவோம் என்று வாசலில் நின்றுவிட்டது. அதற்குள் பாட்டு அவ்வளவு பிரபலம். கொட்டகை முதலாளி சித்தப்பாவின் பிடரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், போடு என்கிறார். சித்தப்பா என்ன செய்வார்? இரண்டாவது ஆட்டம் முடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது ஆயா திண்ணையில் விளக்குமாற்றோடு உட்கார்ந்திருந்தாள். அவள் அடித்த அடி ஒலிபெருக்கி இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்டது. மறுநாள் காலையில் அவளே கூழ் ஊற்றிக் கொடுத்துவிட்டு, “பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் கெட்டோம். யாரும் கேட்காத பாட்டாகப் பார்” என்றாள். ரசிகர் மனநிலையைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சித்தப்பா முதலில் ‘வீடு வரை உறவு’ என்றார். சாவு வீட்டுப் பாட்டைக் கொட்டகையில் போட்டால் கையை ஒடிப்பேன் என்றார் முதலாளி. கடைசியில்தான் ‘கர்ணன்’ படத்து ‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’. 1964 படம், சோகமான பாட்டு, சந்தைக் கூட்டம் விரும்பிக் கேட்காது. முதலாளிக்கும் சிவாஜி படம் என்பதால் ஆட்சேபணை இல்லை. அது கடைசிவரை ஏமாற்றவில்லை. இன்றும் தொலைக்காட்சியில் கர்ணன் தேர்க்காலடியில் கிடக்கும் காட்சி வந்தால் நான் சட்டென்று எழுந்து நின்றுவிடுகிறேன். “என்னங்க, கண் கலங்குகிறதா?” என்பாள் மனைவி. கலக்கமெல்லாம் இல்லை, ஓடுவதற்குக் கால் தயாராகிறது.

சிரிப்பாகவே எழுதிக்கொண்டு போகிறேன் என்று கோபப்படுபவர்களுக்கு: ‘வீடு வரை உறவு’ என் பட்டியலில் இல்லாததற்குக் காரணம் உண்டு. ஆயாவின் மூத்த மகன், என் பெரியப்பா, வீட்டுச் சரக்கையே குடித்துக் குடித்து நாற்பது வயதுக்குள் போய்ச் சேர்ந்தார். இழவு வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டவர் இதே சித்தப்பாதான். அன்று சாயங்காலமும் அடுப்பு எரிந்தது. துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டுமே. ஆகவே நான் கள்ளச்சாராயத்துக்குக் கொடி பிடிக்கிறேன் என்று யாரும் எழுத வேண்டாம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்கு முந்தைய வருடம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில். கருணாபுரச் செய்தி வந்தபோது என் அலுவலகத்தில் ஒருவர், “உங்கள் ஊர்க்காரர்களின் குலத்தொழில்” என்றார். அவருக்கு நான் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன். அந்த மக்களைக் கொன்றது மெத்தனால். வெல்லத்தையும் பட்டையையும் ஊறவைத்து அது வந்ததில்லை, ரசாயனத் தொழிலுக்கென்று தயாராவதைத் தண்ணீர் கலந்து விற்றிருக்கிறார்கள். உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத்தான் முதலில் பிடிக்கும். ஆயாவின் சரக்கு நல்ல சரக்கு என்று வாதாட வரவில்லை. அது என் பெரியப்பாவை மெதுவாகக் கொன்றது, மெத்தனால் ஒரே இரவில் கொல்கிறது. இரண்டும் ஒன்று என்று சொல்பவருக்கு விஷயம் தெரியாது, அவ்வளவுதான்.

போலீஸால் முடியாததை 1981 செய்துவிட்டது. கடைகள் ஏலத்துக்கு வந்தன, சரக்கு பகிரங்கமாகக் கிடைத்தது, ஆயாவைத் தேடி யாரும் வரவில்லை. அடுத்த வருடமே வந்த சட்டத்தை நாம் குண்டர் சட்டம் என்கிறோம். அதன் நீண்ட பெயரில் குண்டர்களுக்கு முன்னால், முதல் ஆளாக நிற்பவர் கள்ளச்சாராயக்காரர்தான். அதை யாரோ படித்துக் காட்டியதும் ஆயா அண்டாவை விற்றுவிட்டாள். எங்கள் பக்கத்தில் அப்போது கடை ஏலம் எடுத்தவரின் குடும்பம் இன்றைக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறது, அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள். எனக்குப் பெண் பார்த்தபோது தரகர் மெல்லச் சொன்னது, “சாராயக்காரி பேரன் என்கிறார்கள், கொஞ்சம் தயங்குகிறார்கள்.” அதே சரக்கு, அதே குடிகாரர்கள். உரிமம் என்ற காகிதம் ஒருவரை வள்ளலாக்கியது, இன்னொருத்தியை வசவாக்கியது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட மாட்டேன். கொட்டகையை மூடியபோது சம்பள பாக்கிக்குப் பதிலாகச் சித்தப்பா ஒரு பெட்டி இசைத்தட்டுகளை வாங்கி வந்தார். அவர் காலத்துக்குப் பிறகு அது என்னிடம் வந்தது. என் தங்கை மகளின் கணவர் காபிக் கடை திறந்தார். “நாலு தட்டு கொடுங்கள் மாமா, அலங்காரத்துக்கு” என்றார். பெட்டியோடு எடுத்துப் போனார். திறப்பு விழாவுக்குப் போய்ப் பார்க்கிறேன், சீர்காழியின் மேலே பசை தடவிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்! அன்னக்கிளி தட்டைக் கடிகாரமாக்கி நடுவில் முள் வைத்திருக்கிறார். பெருமையாகக் காட்டுகிறார் வேறு. தங்கையிடம் முறையிட்டால், “வீட்டு மாப்பிள்ளையிடம் போய் இதையெல்லாம் கேட்பார்களா, அண்ணா?” என்கிறாள். சாராயம் காய்ச்சிய குடும்பத்தில் இத்தனை நாகரிகம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். அப்பாவிடம் நேராகக் கேட்காதீர்கள். உங்கள் அப்பாவுக்கு அக்காவோ தங்கையோ இருந்தால், அத்தையிடம் போய் உட்காருங்கள். ஆண்பிள்ளைகள் இந்த விஷயத்தில் கௌரவம் பார்ப்பார்கள். பெண்கள்தான் ஊறலைக் கிளறியவர்கள், போலீஸுக்குப் பதில் சொன்னவர்கள், அவர்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். தாத்தாவைப் பற்றி என்று ஆரம்பிக்காமல், அந்தக் காலத்தில் ஊரில் என்ன பாட்டுப் போடுவார்கள் என்று கேளுங்கள். பக்கத்தில் மருமகள்கள் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயாவின் பக்குவம் கேட்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புகிறவர்களுக்கு மட்டும் பதில் கிடையாது.