வாடகை வருமானமும் வட்டிக் கடனும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 42,000 ரூபாய் வருகிறது. தனிநபர் கடன் பாக்கி 3.2 லட்சம், அதன் வட்டி 14 சதவீதம், தவணை 9,800. கிரெடிட் கார்டில் 60,000 நிற்கிறது. தெரிந்தவரிடம் 2 ரூபாய் வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கியிருக்கிறேன். வங்கியில் 1.8 லட்சம் டெபாசிட் உண்டு. பாகலூர் சாலைப் பக்கம் 28 லட்சத்துக்கு ஒரு வீடு வருகிறது. 9,000 வாடகை போகும், வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்கிறார் புரோக்கர். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் அப்பா பெயரில் ஓர் ஓட்டு வீடும் அதை ஒட்டிக் காலியிடமும் இருக்கின்றன. அங்கே ஒரு போர்ஷன் கட்டினால் 6,000 வாடகை வரும். சதுர அடிக்கு 2,200 ஆகும் என்கிறார் மேஸ்திரி. எதைச் செய்யலாம்?

பதில்: புரோக்கரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 28 லட்சம் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 90 சதவீதம், அதாவது 25.2 லட்சம் தரலாம். வட்டி 9 சதவீதம், காலம் 20 வருடம் என்றால் லட்சத்துக்கு மாதம் 900 ரூபாய். தவணை 22,700 வரும். வாடகை 9,000 போக, மாதாமாதம் 13,700 உங்கள் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். வீட்டு வரி, பெயிண்ட், வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் தனி.

வாங்கும்போது உங்கள் பங்கு 2.8 லட்சம். அதோடு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம், அதாவது இன்னொரு 2.52 லட்சம். பத்திரச் செலவுக்கு வங்கிக் கடன் கிடைக்காது. ஆக 5.32 லட்சம் ரொக்கம் வேண்டும்; உங்களிடம் இருப்பது 1.8. மீதிக்கு இன்னொரு தனிநபர் கடன் எடுக்கத் தோன்றும். அங்கேதான் பலரும் விழுகிறார்கள்.

முதலில் அந்த 25.2 லட்சத்தை வங்கி தருமா என்பதே சந்தேகம். எல்லாத் தவணையும் சேர்ந்து சம்பளத்தில் ஏறக்குறைய பாதிக்குள் இருக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலான வங்கிகள் பார்க்கும். உங்களுக்கு அது 21,000. ஏற்கெனவே 9,800 போகிறது. மிச்சம் 11,200க்குக் கிடைப்பது 12 லட்சம் சொச்சம்தான்.

எனவே முதல் வேலை, டெபாசிட்டை உடைப்பது. கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்றால் 2,100. அதன்மேல் ஜிஎஸ்டி 378. கைக்கடனுக்கு 2,000. மாதம் 4,478 ரூபாய் வட்டியாகவே போகிறது, அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. இரண்டையும் அடைக்க வேண்டியது 1.6 லட்சம். அந்தப் பணம் டெபாசிட்டில் 7 சதவீதத்துக்கு இருந்தால் மாதம் 933 ரூபாய்தான் ஈட்டும். கைக்கடனை அடைத்ததும் கொடுத்திருந்த புரோ நோட்டையும் வெற்றுக் காசோலையையும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இதை மறந்துவிட்டுப் பிறகு அலைபவர்கள் நிறைய.

மிஞ்சிய 20,000ஐத் தொடாதீர்கள். மிச்சமாகும் 4,478ஐ ஓர் ஆண்டு சேருங்கள், 53,000 தாண்டும். தனிநபர் கடன் தவணை தவறாமல் போகட்டும். உங்கள் கடன் நாணயத்தைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணும் இதற்குள் தேறும்.

அதன் பிறகு பழையபேட்டை. 400 சதுர அடி போர்ஷனுக்கு 8.8 லட்சம் ஆகும். ஆண்டு வாடகை 72,000, போட்ட பணத்தில் 8 சதவீதம். பாகலூர் சாலை வீட்டிலோ பத்திரச் செலவையும் சேர்த்தால் 3.5 சதவீதம்தான் தேறும். இங்கே மனைக்கு விலை கொடுக்கவில்லை, வித்தியாசம் அதுதான். 8.8 லட்சத்தில் 90 சதவீதம், அதாவது 7.9 லட்சம் கடனை அதே 9 சதவீத வட்டியில் 15 வருடத்துக்கு எடுத்தால் தவணை 8,000 சொச்சம். கையிலிருந்து போவது 2,000. கணக்கில் ஆண்டுக்குப் பதினோரு மாத வாடகைக்கு மேல் வைக்காதீர்கள்.

சிக்கல் பத்திரத்தில் இருக்கிறது. இடம் அப்பா பெயரில் இருப்பதால், வங்கி அவரையும் கடனில் சேர்க்கும். இல்லையென்றால் உங்கள் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் கேட்கும். தந்தை மகனுக்கு எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. மனைவியையும் சேர்த்து எழுதலாம் என்று யாராவது சொன்னால் நிதானியுங்கள்: குடும்ப உறுப்பினர் பட்டியலில் மருமகள் கிடையாது, அவர் பங்குக்குச் சலுகை இல்லை. உடன்பிறந்தவர்கள் இருந்தால் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள். இடம் நத்தமா (ஊர்க் குடியிருப்பு நிலம்), நிபந்தனைப் பட்டாவா (அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலம்) என்பதையும் பாருங்கள். பல வங்கிகள் நத்தத்துக்குத் தயங்கும்; நிபந்தனைப் பட்டா நிலத்தில் கையே வைக்கக் கூடாது.

கட்டும்போது ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மின் இணைப்பு வாங்குங்கள். ஒரே மீட்டரில் இரண்டு குடித்தனம் என்றால் யூனிட் சேர்ந்து மேல் அடுக்குக் கட்டணத்துக்குப் போகும். அதை யார் கட்டுவது என்று சண்டை வரும். குளியலறைக் குழாய்களை வெளிச்சுவரில் கொண்டுபோங்கள். உள்ளே புதைத்தால், கசிவு வந்த அன்று ஆள் இருக்கும் வீட்டில் டைல்ஸை உடைக்க நேரும்.

கேள்வி: ஓசூரில் எங்கள் சொந்த வீட்டின் மாடி 8,000 வாடகைக்குப் போகிறது. 5 லட்சத்துக்கு மூன்று வருட லீசுக்கு விட்டு, 14 சதவீதத் தனிநபர் கடனை அடைக்கலாமா?

பதில்: வேண்டாம். லீசு என்றாலும் போக்கியம் என்றாலும் அது கடன்தான். வட்டிக்குப் பதில் வாடகையை விட்டுக்கொடுக்கிறீர்கள். ஆண்டுக்கு 96,000 இழப்பு, 5 லட்சத்துக்கு அது 19.2 சதவீதம். 14 சதவீதக் கடனை 19 சதவீதக் கடன் வாங்கி அடைப்பதில் என்ன லாபம்? தனிநபர் கடனில் அசல் மாதந்தோறும் கரையும். லீசில் மூன்றாவது வருட முடிவில் 5 லட்சத்தையும் ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டும். புதிதாக லீசுக்கு ஆள் கிடைக்காவிட்டால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் ஒப்புதலும் வேண்டும். கார்டு பாக்கி மட்டும்தான் என்றால் கணக்கு மாறும், ஆனால் அதற்கு 5 லட்சம் தேவைப்படாது.

கேள்வி: 20 ரூபாய் பத்திரத்தில் 11 மாத ஒப்பந்தம் போட்டால் போதும்தானே? அட்வான்ஸ் எவ்வளவு வாங்கலாம்?

பதில்: போதாது. 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதத்துக்கானாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. அந்தப் பணத்தை எடுத்துக் கடன் அடைக்காதீர்கள். ஆள் காலி செய்யும் நாளில் அதைத் திருப்பித் தர மறுபடி வட்டிக்கு வாங்குவீர்கள்.

கேள்வி: தருமபுரி அருகே வாங்க நினைக்கும் வீட்டில் போர் தண்ணீர் மட்டுமே. வாடகைக்கு ஆள் வருமா?

பதில்: வருவார்கள், நிலைக்க மாட்டார்கள். இம்மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பிரச்சினை பழையது. 2013இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஒகேனக்கல் குழாய் அந்தத் தெருவுக்கு வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் விடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். போர் தண்ணீரையும் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினால் குடிக்க ஆகாது. காய்ச்சினால் சரியாகும் என்று நம்பாதீர்கள். தண்ணீர் ஆவியாகி ஃபுளோரைடின் அடர்த்திதான் கூடும். ஆர்ஓ வடிகட்டி நீக்கும். அதன் செலவையும் ஆண்டு பராமரிப்பையும் விலை பேசும்போதே குறைத்துக் கேளுங்கள்.