வாஸ்ப்-12பி 9 நிமிடம் முந்தியது ஏன்?

கேள்வி: தொண்டியில் மொட்டைமாடியில் 8 அங்குலத் தொலைநோக்கியும் சீமாஸ் கேமராவும் வைத்து, ஜனவரி நடுவில் சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள வாஸ்ப்-12பி கோள் தன் விண்மீனின் முன்னால் கடந்துபோவதை, அதாவது அதன் கடப்பைப் படமெடுத்தேன். கடப்பின் நடுநேரம் கணிப்பைவிட 9 நிமிடம் முன்னதாக வருகிறது. இந்தக் கோள் தன் விண்மீனை நோக்கிச் சரிந்துகொண்டிருக்கிறது என்கிறார்களே, அதைத்தான் அளந்திருக்கிறேனா?

பதில்: பெரும்பாலும் இல்லை. சரிவு உண்மைதான். 1.09 நாள் சுற்றுக்காலம் ஆண்டுக்குச் சுமார் 29 மில்லிவினாடி குறைகிறது. கேட்கச் சொற்பம், ஆனால் சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போவதால் 10 ஆண்டில் கடப்பு ஏறக்குறைய 8 நிமிடம் முந்திவிடும். உங்கள் எண்ணும் அதற்குப் பக்கத்தில் விழுந்ததால்தான் ஏமாற வாய்ப்பு அதிகம்.

கணிப்பு நேரங்களைப் பெரும்பாலும் பிஜேடி-டிடிபி முறையில் தருவார்கள். அதாவது, ஒளி சூரியக் குடும்பத்தின் நிறைமையத்தை எட்டும் நேரம், டிடிபி என்ற வானியல் கால அளவில். கேமரா பதிவதோ யூடிசி, அதாவது உலகப் பொதுக் கடிகார நேரம். ஜனவரியில் இந்த விண்மீன் சூரியனுக்கு எதிர்த்திசையில் இருக்கிறது. பூமி அதன் பக்கம் நிற்பதால், நிறைமையத்துக்குப் போவதற்குச் சுமார் 7.8 நிமிடம் முன்பே ஒளி நம்மை எட்டிவிடுகிறது. யூடிசிக்கும் டிடிபிக்கும் இடையே இன்னும் 69.2 வினாடி. கூட்டிப் பாருங்கள், உங்கள் 9 நிமிடம் வந்துவிடும். சந்தேகமிருந்தால் மார்ச் நடுவில் இன்னொரு கடப்பை எடுங்கள்: அந்த 7.8 நிமிடம் சுமார் இரண்டு நிமிடமாகச் சுருங்கியிருக்கும். கோளின் சரிவு இரண்டு மாதத்தில் அப்படி மாறாது.

விண்மீன் ஒளியை அளக்கும் ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே மென்பொருளில் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, விண்மீனின் ஆயங்களைக் கொடுத்தால் இந்த மாற்றத்தை அதுவே செய்துவிடும். படக்கோப்பில் உள்ள நேரம் பெரும்பாலும் எக்ஸ்போஷரின் தொடக்கம். 60 வினாடி எக்ஸ்போஷர் என்றால் 30 வினாடி கூட்ட வேண்டும். மென்பொருள் தானே கூட்டுகிறதா என்று பாருங்கள், பார்க்காவிட்டால் இரண்டு முறை கூட்டிவிடுவீர்கள். மடிக்கணினியின் கடிகாரத்தை அன்றிரவே என்டிபி (இணையவழி நேரச் சேவை) வழியாகச் சரிசெய்யுங்கள். சிக்னல் கிடைக்காத இடமென்றால் யூஎஸ்பி ஜிபிஎஸ் போதும்.

அடுத்தது ஒளிவரைபடத்தின், அதாவது விண்மீனின் பிரகாசம் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் கோட்டின் வடிவம். மங்கல் 1.4 சதவீதம்தான், கடப்பு 3 மணி நேரம். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது படம் வேண்டும். கடற்கரையில் நள்ளிரவுக்கு மேல் ஈரம் ஏறும். முன்கண்ணாடியில் பனி படிந்தால் வரைபடம் ஒரு பக்கமாகச் சாயும். பின்பகுதி இல்லாத வரைபடத்தில் இந்தச் சாய்வு நடுநேரத்தைச் சில நிமிடம் நகர்த்திவிடும். பனிநீக்கும் வெப்பப்பட்டையை முதல் படத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். பிரகாசத்தை ஒப்பிட எடுக்கும் பக்கத்து விண்மீன்களின் நிறமும் பிரகாசமும் கோளின் விண்மீனை ஒத்திருக்கட்டும். தொலைநோக்கியின் மவுண்டை (தாங்கியை) வழக்கமாகத் துருவ விண்மீனைப் பார்த்துச் சரிசெய்வார்கள்; உங்கள் ஊரில் அது சுமார் பத்து டிகிரி உயரத்தில்தான், அடிவானத்தருகே மூட்டம் வேறு. ஆகவே விண்மீன் நகர்வைப் பார்த்து மவுண்டைச் சரிசெய்யும் முறையே நம்பகமானது.

இவ்வளவும் செய்தபின் மிஞ்சும் வித்தியாசத்தைப் பிழையளவோடு எழுதுங்கள். இந்த அளவுத் தொலைநோக்கியில் பிழை 1 முதல் 2 நிமிடம் இருக்கும். எந்தக் கணிப்போடு ஒப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: சுற்றுக்காலம் மாறாது என்று கொண்ட பழைய கணிப்பா, சரிவைச் சேர்த்ததா என்பதைப் பொறுத்து அந்த எண்ணின் பொருளே மாறும்.